ஞாயிற்றுக்கிழமை நான்தான் சமைக்கிறேன்

கௌதம்,

போன வாரம் நீ வந்து கேட்டதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. உன் ஆபீஸ் நண்பன் வாசலில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழ வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாய். அது சம்மதம் இல்லை. ஃபோனில் சொன்னால் பாதியில் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ராத்திரி திரும்புகையில், மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்ட அந்த ஓசூர் ரோட்டில் உன் கம்பெனி வண்டி நகராமல் நிற்குமே, அப்போது படி. கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

வித்யாவின் அப்பா அம்மா ஈரோட்டிலிருந்து நம் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வரும் அன்று, ஹாலில் புத்தர் படம் இருக்கட்டும், பக்கத்தில் கோட்டும் கண்ணாடியுமாக இருப்பதை மட்டும் உள்ளே எடுத்து வைக்கலாமா என்றாய். எந்தப் படம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மர்பி டவுன் என்றால் நாம் யார் என்று தெரிந்துவிடும், அல்சூர் பக்கம் என்று சொன்னால் போதும், காரில் வருகிறவர்களுக்கு எது அல்சூர், எது மர்பி டவுன் என்று தெரியவா போகிறது என்று சிரித்தாய். அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னாயே, அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. "மா, அன்னிக்கு ஒண்ணும் சமைக்காத. எல்லாம் ஓட்டல்லேர்ந்து வந்துடும். நீ ப்ளேட்ட மட்டும் எடுத்து வை."

அவர்கள் சைவமாக இருந்தால் நானே மறுபேச்சுப் பேசாமல் சாம்பார் வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காது என்று வித்யாவே சொல்லியிருக்கிறாள். அதே கறியை இந்திராநகர் ஓட்டலில் யாரோ சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தால் அவர்கள் சாப்பிடலாம். நான் சமைத்துக் கொடுத்தால் கூடாது. அப்படியென்றால் பிரச்சினை கறியில் இல்லை, என் கையில் இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன்பே நீயாகவே அதை ஒப்புக்கொண்டுவிட்டாய். "நீங்க என்ன ஆளுங்க" என்று வித்யாவின் அப்பா கேட்டபோது "நாங்க பௌத்தம்" என்று சொல்லிச் சமாளித்தேன் என்று பெருமையாகச் சொன்னாயே, அன்றைக்கே நான் உன்னைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். பௌத்தம் என்பது ஒளிந்துகொள்வதற்காக உன் தாத்தா எடுத்துக்கொண்ட பெயர் இல்லை. நேராக நிற்பதற்காக எடுத்துக்கொண்டது.

நீ ஆறாவது படிக்கும்போது நான் எத்தியோப்பியாவுக்கு டீச்சர் வேலைக்குப் போனேன். இரண்டு வருஷம். உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன் என்று இன்றுவரை நம் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். அப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், நீ உன் யூனிஃபார்மைத் துவைக்கக் கற்றுக்கொண்டாய், யாரும் கெட்டுப்போகவில்லை. அங்கே நான் சம்பாதித்ததில்தான் இந்த வீட்டுக்கு மேல்தளம் வந்தது, நீ இஞ்சினியரிங் படித்தாய். ஆனால் அங்கிருந்து நான் கொண்டுவந்த முக்கியமான ஒன்றை உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. காப்பிக்கொட்டையும் வெள்ளைத் துணியும் காட்டினேன், அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன் நான் இங்கே வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமை நினைத்துக்கொள். மத்தியானம் எல்லா டீச்சர்களும் ஒரே மேஜையில் டப்பாவைத் திறப்போம். கத்திரிக்காய் இந்தப் பக்கம் போகும், ஊறுகாய் அந்தப் பக்கம் போகும், பல்யா என்கிற பொரியல் சுற்றிச் சுற்றி வரும். என் டப்பாவில் யாரும் கரண்டி போட மாட்டார்கள். மோசமானவர்கள் என்று நினைக்காதே. உனக்கு டைஃபாய்டு வந்தபோது என் வகுப்புகளை எல்லாம் அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் என் டப்பா வந்தால் ஒருத்திக்கு அன்றைக்கு விரதம், இன்னொருத்திக்கு வயிறு சரியில்லை. ஏழு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், கொடுக்க முடியவில்லை.

எத்தியோப்பியாவில் நான் போன ஊர் மலைமேல் இருந்தது. ஊரைச் சுற்றி யூகலிப்டஸ் மரங்கள், விடிந்தால் குளிர், பழைய பெங்களூர் மாதிரியே இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அல்மாஸ் என்கிற பெண்ணின் வளவுக்குள் எனக்கு ஒரு அறை கிடைத்தது. அல்மாஸுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் பட்டாளத்தில் இருந்தவன், சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, டீக்கடைகளுக்கு இஞ்சரா சுட்டுக் கொடுத்துப் பிழைத்தாள். இஞ்சரா என்பது அவர்கள் ஊர்த் தோசை. மாவைப் புளிக்க வைத்து, அண்டா மூடி அகலத்துக்கு ஊற்றி எடுப்பார்கள். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், நாக்கில் நன்றாகப் புளிக்கும்.

போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சிக்குத் தண்ணீர் வைத்தேன். அல்மாஸ் கதவருகே வந்து நின்று "இன்னிப்லா" என்றாள். அவள் பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்து நான் என் பெயரைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு ஸ்டவ்வை அணைத்து, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சாப்பிடலாம் வா என்று அதற்கு அர்த்தம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் யார் வந்தாலும் அதைச் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கூட நம் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

உள்ளே போனால், பெரிய பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள். பிரம்புக் கூடை மாதிரி ஒரு மேஜை. அதன்மேல் ஒரே ஒரு பெரிய தட்டு, தட்டை மூடிய இஞ்சரா, நடுவில் மிளகாய்ப்பொடி போட்டுச் சிவந்த கோழிக்குழம்பு, முழு முட்டை. நான் என் தட்டு எங்கே என்று தேடினேன். தனித்தட்டு என்று ஒன்று கிடையாது. அல்மாஸ், இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கிழவர், நான், எல்லோரும் அந்த ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து கிள்ளிச் சாப்பிட வேண்டும். நான் ஓரத்தில் ஒரு விரல்கடை கிள்ளினேன். அல்மாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கையால் ஒரு பெரிய துண்டு கிழித்து, கறியும் குழம்பும் வைத்துச் சுருட்டி, நேராக என் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அது அருவருப்பால் இல்லை கௌதம். என் அம்மா காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். மிச்சச் சாப்பாட்டை அந்த வீட்டம்மா மேலே இருந்து கையில் போடுவார்கள், விரல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. என் வீட்டாரைத் தவிர இன்னொருத்தர் கை என் வாயருகே வந்தது அதுதான் முதல் தடவை. அல்மாஸ் கையை எடுக்கவில்லை. அப்படி ஊட்டுவது அவர்கள் ஊர் மரியாதை. வாங்கிக்கொள்ளாவிட்டால் அவமானம். நான் வாயைத் திறந்தேன். கன்னம் இரண்டும் உப்பிப்போய் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் விழித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிட்டது அபூர்வம். மாணவர்களின் வீடுகளுக்குப் போனால், தரையில் புல்லைப் பரப்பி, கண்முன்னே காப்பிக்கொட்டையை வறுத்து, மூன்று சுற்றுக் காப்பி குடித்த பிறகுதான் எழுந்திருக்க விடுவார்கள். உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா, உனக்கு எத்தனை பிள்ளைகள், அவ்வளவுதான் கேட்பார்கள். எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகத்தில் இப்படி ஒரு ஊர் இருக்கிறது, நாம்தான் தெரியாமல் இருந்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சரா சுடுகிற மண்கல் ஒருநாள் விரிசல் விட்டது. அல்மாஸ் புதிதுக்குச் சொல்லி அனுப்பினாள். ஜெனெத் என்கிற குயவர் வீட்டுப் பெண், அந்தக் கல்லை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். அன்று ஏதோ பண்டிகை. நாங்கள் ஏழெட்டுப் பேர் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஜெனெத் வேலி ஓரத்தில் கல்லை இறக்கிவிட்டு அங்கேயே நின்றாள். நான் காத்திருந்தேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவனுக்குச் சொல்கிற அந்த வார்த்தையை, வீட்டு அடுப்புக்குக் கல் செய்து கொண்டுவந்தவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அல்மாஸ் எழுந்தாள். உடைந்த சட்டித் துண்டு ஒன்றில் கொஞ்சம் இஞ்சராவை வைத்து, வேலிக்கருகே தரையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியாரிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: அவர்கள் வேறு மாதிரி ஆட்கள், அவர்கள் கண் பட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது, சட்டத்தில் இப்படியெல்லாம் இல்லை, பழைய வழக்கம், தப்பாக நினைக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊர் அம்ஹாரிக் பாஷை எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் இந்தப் பாஷை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

நான் எழுந்தேன். தட்டில் என் பக்கத்து இஞ்சராவைப் பெரிதாகக் கிழித்து, குழம்பும் கறியும் வைத்து எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய், ஜெனெத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். அல்மாஸ் எனக்குச் செய்த மாதிரியே சுருட்டி அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். அவளும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பயப்படவில்லை, அல்மாஸைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாயில் வாங்கவில்லை. மிச்சத்தை நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன்.

அதன்பிறகு அல்மாஸ் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தால் உள்ளே ஓடினார்கள். நான் தினமும் ஸ்டவ்வில் கஞ்சி வைத்துக் குடித்தேன். ஸ்டாஃப் ரூமில் ஏழு வருஷம் பொறுத்தவளுக்கு இங்கே ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் நானே போய் அவள் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கில் சொன்னேன்: "எங்கள் ஊரில் நான்தான் ஜெனெத்."

அவளுக்குப் புரியவில்லை. நீ டீச்சர் ஆயிற்றே என்றாள். டீச்சர்தான், ஆனாலும் ஜெனெத்தான் என்றேன். வெள்ளைக்காரர்களா உன்னை அப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டாள். இல்லை, என்னைப் போலவே இருப்பவர்கள், என் பாஷை பேசுகிறவர்கள் என்றேன். அவள் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: "ஒரு வருஷமா என் தட்டுல சாப்பிட்டிருக்க. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

அவள் அன்றோடு மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். அடுத்த தடவை ஜெனெத் சட்டி கொண்டுவந்தபோது, நாங்கள் எல்லோரும் குடிக்கிற பீங்கான் கப்பில் காப்பி ஊற்றி, அல்மாஸ் தன் கையால் அவள் கையில் கொடுத்தாள். தட்டுக்குக் கூப்பிடவில்லை. நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை அந்தக் கப்போடுதான் நின்றது. ஆனால் அந்தக் கப்பைக் கொடுத்ததே பெரிது. சின்ன வயதிலிருந்து ஊட்டி வளர்த்த பயத்தை மீறிக் கொடுத்தாள். அவள்மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

நீ இதைப் புரிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்கிறவர்களில் பாதிப்பேர் நல்லவர்கள். என் டப்பாவைத் தொடாத டீச்சர்களும் நல்லவர்கள்தான், எனக்கு வாயில் ஊட்டிய அல்மாஸும் நல்லவள்தான். நல்லவர்கள் என்பதால் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய். நல்லவர்கள் என்பதால்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சொல்லிப் பார்க்காமலே அவர்களால் முடியாது என்று நீ எப்படி முடிவு செய்தாய்? ஓட்டல் பார்சலை வரவழைத்து அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்கிறாய். நீ அவர்களுக்குச் செய்வதும் அவமரியாதைதான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். புதன்கிழமை வித்யாவுக்கு ஃபோன் போட்டேன். அவளுக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும், நம் சமையலறையில் நின்றுகொண்டே கறிக்குழம்பை ருசி பார்த்தவள். உங்கள் அம்மாவிடம் நானே பேசலாமா என்று கேட்டேன். "பேசுங்க ஆன்ட்டி. எனக்கு வாய் வரல" என்று சொல்லி நம்பர் கொடுத்தாள். அப்பாவிடமும் சொன்னேன். "நீ முடிவு பண்ணிட்ட, அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

வித்யாவின் அம்மாவிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. கௌதம் அம்மா பேசுகிறேன் என்றேன். நாங்கள் மர்பி டவுன் என்றேன். நாங்கள் என்ன ஆட்கள் என்பதையும் ஒரே வார்த்தையில் சொன்னேன். என் அம்மா வீடு பெருக்கினாள், நான் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் கையால் சமைத்துப் போட ஆசைப்படுகிறேன், ஆட்டுக்கறி, உங்களுக்குப் பழக்கமில்லாதது எதுவும் வைக்க மாட்டேன், சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். "அவருகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

நீ இப்போது எழுந்து நின்றிருப்பாய். என் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாயே என்று கத்துவாய். கத்து. பொய்யை அஸ்திவாரமாகப் போட்டுக் கட்டுகிற வீட்டில், நாளைக்கு உன் பிள்ளைக்கு என் மடியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டா இல்லையா என்று நான் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா? என்னால் முடியாது. உன்னிடம் நான் இதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலையில் அந்த அம்மா கூப்பிட்டார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "அவரு வருவாருங்க. வந்து பேசுவாருங்க. ஆனாச் சாப்புட மாட்டாருங்க, மனசுல வெச்சுக்காதீங்க." வைத்துவிட்டார்களோ என்று நினைக்கும்போது மறுபடியும் குரல் வந்தது. "நானு சாப்புடறனுங்க. காரம் மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்க."

அவ்வளவுதான் நடந்தது. உன் கல்யாணம் நிற்கவில்லை. ஓட்டலுக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. படம் இருக்கும் இடத்திலேயே இருக்கும், அப்பா நேற்றே கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார். வித்யாவின் அப்பாவுக்கும் நான் இலை போடுவேன். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர் இஷ்டம், போடுவது என் இஷ்டம். பசியோடு ஈரோடு வரைக்கும் போகட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. அவர் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் அவர் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்குத் தெரியாதது உன் சமாச்சாரம் ஒன்றுதான். மாமனாரோடு ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாயா, மாமியாரோடு பந்தியில் உட்காருவாயா என்பதை நான் சொல்லித்தர மாட்டேன், நீ சின்னப் பிள்ளை இல்லை. நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று மட்டும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு. அதைப் பார்த்துத்தான் நான் அரிசி போட வேண்டும்.

அம்மா